தொகுதி அலுவலகம் மட்டும் திறந்திருந்தது

அமெரிக்க அரசு பணமில்லாமல் முடங்கும் நாளில், காங்கிரஸ் உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் முதலில் நடக்கும் காரியம் தொலைபேசியில் பதிந்திருக்கும் குரலை மாற்றுவதுதான். 'முடக்கம் காரணமாகச் சில துறைகளிலிருந்து பதில் வரத் தாமதமாகலாம். உங்கள் பெயரையும் தபால் குறியீட்டையும் சொல்லுங்கள்' என்று யாராவது பேசிப் பதிய வேண்டும். பல வருடங்கள் அந்தக் குரல் என்னுடையதாக இருந்தது. என் ஆங்கிலத்தில் திருநெல்வேலி வாடை அடிக்கும். அதைக் கேட்டவர்கள் கொஞ்சம் மென்மையாகத் திட்டினார்கள் என்பது என் நம்பிக்கை.

வாஷிங்டனை ஒட்டிய புறநகர்த் தொகுதிகளில் இரண்டு உறுப்பினர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். உதவி கேட்டு வந்தவர்களின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அதையே உறுப்பினர்களுக்கும் வைத்துக்கொள்கிறேன். 2013, 2018-19, 2025 என்று மூன்று முடக்கங்களை அந்த மேஜையிலிருந்து பார்த்தேன். முதலாவது 16 நாள், அடுத்தது 35, கடைசியாக 43. 2018 ஜனவரியில் வந்துபோன மூன்று நாள் முடக்கத்தை இப்போது யாரும் கணக்கில் வைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் ஏன் நீண்டுகொண்டே போகிறது என்பதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. என் தொழிலுக்குப் பெருமை சேர்க்கும் பதில் அல்ல அது.

"அரசாங்கம் எப்படிம்மா மூடும்? அதென்ன பலசரக்குக் கடையா?" என்று பாளையங்கோட்டைச் சித்தப்பா 2013இல் போன் போட்டுக் கேட்டார். நியாயமான கேள்வி. நம் நாட்டில் பண மசோதா மக்களவையில் தோற்றால் ஆட்சியே போய்விடும். பட்ஜெட் தாமதமானால் இடைக்காலச் செலவுக்கு அனுமதி வாங்கிக்கொள்ள அரசியல் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அமெரிக்காவில் அதிபர் கவிழ மாட்டார், சபையும் கலையாது. பணம் மட்டும் நின்றுபோகும். காங்கிரஸ் ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து ஒரு காசு எடுக்கக் கூடாது என்கிறது அவர்களுடைய சாசனம். ஆண்டுக்குப் பன்னிரண்டு செலவு மசோதாக்கள் அக்டோபர் 1க்குள் நிறைவேற வேண்டும். நிறைவேறாத மசோதாக்களின் கீழ் வரும் துறைகள் மூடிக்கொள்ளும்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஒதுக்காத பணத்தைச் செலவழிக்கக் கூடாது, சம்பளமில்லாத சேவையை அரசு ஏற்கக் கூடாது என்கிற சட்டம் 1884இலிருந்தே இருக்கிறது. ஆனால் நூறு வருடத்துக்குப் பக்கத்தில் யாரும் அதற்காகக் கதவைச் சாத்தவில்லை. மசோதா தாமதமானால், எப்படியும் வந்துவிடும் என்று வேலை நடந்துகொண்டிருந்தது. 1980இல் கார்ட்டர் அரசின் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, இந்தச் சட்டத்தின்படி கதவைச் சாத்தித்தான் ஆக வேண்டும் என்று ஒரு கருத்துரை எழுதினார். மறு வருடம் எழுதியதில், உயிரையும் உடைமையையும் காக்கும் வேலைகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். லட்சக்கணக்கான குடும்பங்களின் வாடகை இன்றைக்கு அந்த இரண்டு கடிதங்களில் தொங்குகிறது. மீறும் அதிகாரிக்குச் சிறைத் தண்டனைகூட உண்டு. அதனால்தான் 'ஃபர்லோ' செய்யப்பட்ட ஊழியர், அதாவது சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், அலுவலக மின்னஞ்சலைத் திறந்து பார்க்கவும் பயப்படுவார்.

நாங்கள் செய்வது 'கேஸ்வொர்க்'. ஒரு பிரதிநிதிகள் அவை உறுப்பினர் நிரந்தர ஊழியராகப் பதினெட்டுப் பேர் வரை வைத்துக்கொள்ளலாம். அவர்களில் ஒரு பகுதியினர் தலைநகரில் சட்டவேலை பார்ப்பார்கள், மீதிப் பேர் தொகுதியில். முதியோர் பென்ஷன் நின்றுவிட்டது, கணவரின் விசா நேர்காணல் தள்ளிப்போகிறது, வருமான வரித் துறை திருப்பித் தர வேண்டிய பணம் வரவில்லை என்று ஆட்கள் வருவார்கள். அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவர்களிடம் ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவோம். கையெழுத்து இல்லாமல் எந்தத் துறையும் எங்களிடம் வாய் திறக்காது. பிறகு அந்தத் துறையில் காங்கிரஸ் அலுவலகங்களுக்கென்றே இருக்கும் தொடர்பு அதிகாரியிடம் கேட்போம். எங்களால் உத்தரவு போட முடியாது, கேட்கத்தான் முடியும். கேட்பவர் சட்டம் இயற்றும் ஒருவரின் பெயரில் கேட்கிறார் என்பது மட்டுமே எங்கள் பலம்.

முடக்கத்தில் அந்தத் தொடர்பு அதிகாரியே வீட்டில் இருப்பார். போன் அடித்துக்கொண்டே இருக்கும். எனவே வேறொரு வித்தையைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. எந்த வேலைக்கு எந்தப் பையிலிருந்து பணம் வருகிறது என்பதுதான் அந்த வித்தை. குடியேற்றத் துறை விண்ணப்பக் கட்டணத்தில் ஓடுவது, அதனால் பெரும்பாலும் மூடாது. முதியோர் பென்ஷன் தடையில்லாமல் வரும். ஆனால் 2013இல் பென்ஷன் வருகிறது என்று சான்றுக் கடிதம் கொடுக்க ஆள் இல்லாமல் போனது. வாடகை வீட்டுக்கு விண்ணப்பித்திருந்த முதியவர்கள் அந்தக் கடிதம் இல்லாமல் தவித்தார்கள். முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளுக்கு ஒரு வருடம் முன்னதாகவே பணம் ஒதுக்கிவிடுவார்கள், அவை இயங்கும். என் மேஜைக்குப் பின்னால் சுவரில் இதையெல்லாம் ஒரு பெரிய தாளில் எழுதி ஒட்டியிருந்தேன். பத்திரிகைகள் 'அரசு மூடிவிட்டது' என்று எழுதும்போது நாங்கள் எதிர்முனைக்காரரிடம் 'எந்த ஜன்னல்?' என்று கேட்டுக்கொண்டிருப்போம்.

2013 முடக்கம் சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தை நிறுத்தச் சொல்லி வந்தது. அப்போது காங்கிரஸுக்கான நிதியும் நின்றிருந்ததால் ஒவ்வொரு உறுப்பினரும் தன் ஊழியர்களில் யார் அவசியமானவர், யார் வீட்டுக்குப் போகலாம் என்று பிரிக்க வேண்டியிருந்தது. எங்கள் உறுப்பினர் எல்லோரையும் அவசியம் என்று எழுதிவிட்டார். சில அலுவலகங்களில் பாதிப் பேரை அனுப்பினார்கள். 'நீ அவசியமில்லை' என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் அதை மறக்கவில்லை. அதே வாரம் உறுப்பினர்களின் உடற்பயிற்சிக் கூடம் திறந்திருக்கிறது என்ற செய்தி வந்தது. அந்த ஒரு செய்திக்காக வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல. தேசிய மிருகக்காட்சிச் சாலையில் பிறந்திருந்த பாண்டாக் குட்டியை இணையத்தில் காட்டிக்கொண்டிருந்த கேமராவும் அணைந்துபோனது. அதைப் பற்றிப் புகார் சொன்னவர்களும் நிறையப் பேர். மக்கள் சின்ன விஷயத்துக்கு அழைக்கிறார்கள் என்று எங்கள் பயிற்சி மாணவன் சலித்துக்கொண்டான். பாண்டாவுக்காக அழைத்தவர் வேறு எதையும் அரசிடம் அதுவரை கேட்காதவர், அவர் பெயரையும் எழுதிக்கொள் என்றேன்.

ஆனால் அந்த அக்டோபரில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது பெதெஸ்டாவில் இருக்கும் தேசிய சுகாதார நிறுவனம். வேறெங்கும் வழியில்லாத நோயாளிகள் கடைசியாக வந்து சேரும் ஆராய்ச்சி மருத்துவமனை அது. முடக்கத்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 200 புதிய நோயாளிகளைச் சேர்க்க முடியாது, அதில் 30 பேர் குழந்தைகள் என்று அறிவித்தார்கள். உடனே பிரதிநிதிகள் அவையின் குடியரசுக் கட்சித் தலைமை அந்த நிறுவனத்துக்கு மட்டும் பணம் தரும் குட்டி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தது. பூங்காக்களுக்கு ஒன்று, வாஷிங்டன் நகரத்துக்கு ஒன்று என்று வரிசையாக வந்தன. எங்கள் உறுப்பினர் எதிர்த்து வாக்களித்தார். டிவியில் தெரியும் கஷ்டத்தை மட்டும் தீர்த்துவிட்டால் தெரியாத கஷ்டங்களை மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள் என்பது அவர் வாதம்.

அன்று சாயங்காலம் ஒரு பெண் அழைத்தார். கணவர் சிகிச்சை ஆய்வில் சேரக் காத்திருந்தார். அந்தப் பெண் கத்தவில்லை. "உங்கள் உறுப்பினர் இல்லை என்று போட்ட வாக்குக்கு எனக்கு ஒரு காரணம் சொல்லுங்கள், நான் அவரிடம் போய்ச் சொல்கிறேன்" என்றார். உறுப்பினரின் வாதத்தை ஒரு வரி விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டார், நன்றி சொல்லி வைத்துவிட்டார். அந்த வாதம் சரி என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் சபை. அந்தப் பெண்ணின் காது அல்ல. செனட் அந்தக் குட்டி மசோதாக்களை எடுக்கவே இல்லை.

படைவீரர்களின் சம்பளத்துக்கு மட்டும் முடக்கம் தொடங்கும் முன்னாலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அக்டோபர் 5ஆம் தேதி, வீட்டுக்கு அனுப்பிய ஊழியர்களுக்குப் பின்னால் சம்பளம் உண்டு என்ற மசோதா பிரதிநிதிகள் அவையில் 407க்குப் பூஜ்யம் என்று நிறைவேறியது. மூடியதைத் திறக்க உடன்படாதவர்கள், மூடியிருக்கும் காலத்துக்குச் சம்பளம் தர ஒரே குரலில் உடன்பட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

அடுத்தது 2018 டிசம்பர் 22. எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் வேண்டும் என்று அதிபர் டிரம்ப் கேட்டார், கிடைக்கவில்லை. இந்த முறை ஐந்து செலவு மசோதாக்கள் முன்பே நிறைவேறியிருந்தன. பாதுகாப்பு, சுகாதாரம், தொழிலாளர் துறை, காங்கிரஸ் எல்லாவற்றுக்கும் பணம் இருந்தது. பதினைந்து துறைகளில் ஒன்பது முடங்கின. ஆக எங்களுக்குச் சம்பளம் வந்தது. சம்பளம் வராத ஒருவரிடம் மாதச் சம்பளக்காரர் ஆறுதல் சொல்லும் கூச்சம் எப்படிப்பட்டது என்று அந்த ஐந்து வாரத்தில் தெரிந்துகொண்டேன்.

ஏறத்தாழ எட்டு லட்சம் ஊழியர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் வீட்டில் இருந்தார்கள். மற்றவர்கள் சம்பளமில்லாமல் வேலைக்குப் போனார்கள். வெளியே இருப்பவர்கள் முதல் வகையினரைப் பார்த்துத்தான் பரிதாபப்படுவார்கள். என் அனுபவத்தில் இரண்டாவது வகையினர் நிலைமை மோசம். வீட்டில் இருப்பவர் மாநில அரசிடம் வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், டாக்ஸி ஓட்டலாம். விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் டிஎஸ்ஏ ஊழியருக்கு அதுவும் இல்லை, முழுநேரம் வேலை பார்ப்பவர் வேலையற்றவர் ஆக மாட்டார் அல்லவா? வண்டிக்குப் பெட்ரோல் போட்டு, பிள்ளையைக் காப்பகத்தில் காசு கொடுத்து விட்டு, சம்பளமில்லாத வேலைக்குப் போக வேண்டும். ஜனவரி 11 வெள்ளிக்கிழமை பூஜ்யம் டாலர் என்று அச்சிட்ட சம்பளச் சீட்டுகள் வந்தன. அன்று மதியம் வரை அழைத்தவர்கள் பெரும்பாலும் கோபக்காரர்கள். மதியத்துக்கு மேல் அழைத்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்கள். பக்கத்து மேஜைக்காரருக்குக் கேட்கக் கூடாதென்று நினைத்திருப்பார்கள்.

கடலோரக் காவல்படை தனிக் கதை. தரைப்படை, கப்பற்படை, விமானப்படை எல்லாவற்றுக்கும் சம்பளம் வந்தது. கடலோரக் காவல்படை மட்டும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வருவதால் 42,000 பேருக்கு ஜனவரி 15 சம்பளம் நின்றது. சீருடையில் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சீருடையில் அரசியல் பேசக் கூடாது என்பதால் எதையும் குறை சொல்லாமல், வீட்டு உரிமையாளரிடம் காட்ட ஒரு கடிதம் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். அப்படிப்பட்ட கடிதங்களுக்கு மத்திய பணியாளர் அலுவலகமே மாதிரி வெளியிட்டிருந்தது. வாடகைக்குப் பதிலாக வீட்டில் பெயின்ட் அடிப்பது, மரவேலை செய்வது போன்ற வேலைகள் செய்து தருகிறேன் என்று உரிமையாளரிடம் பேசிப் பார்க்கலாம் என்பது அதில் ஒரு யோசனை. நாங்கள் அதை எடுத்துவிட்டு, உறுப்பினரின் கையெழுத்தோடு, இன்ன தேதியிலிருந்து இவருடைய துறைக்கு நிதி இல்லை, மீண்டும் திறந்ததும் சம்பளம் வரும் என்று நான்கே வரியில் எழுதிக் கொடுத்தோம். உறுப்பினர் நிகழ்த்திய அத்தனை உரைகளையும்விட அந்த நான்கு வரி அதிகம் பயன்பட்டது என்று அவரிடமே சொன்னேன். சிரித்தார், மறுக்கவில்லை.

செய்யக் கூடாதவற்றின் பட்டியலும் எங்களுக்கு உண்டு. உணவு வங்கி எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சொல்லலாம். அதற்கு நன்கொடை கொடுங்கள் என்று அலுவலகக் கடிதத்தாளில் கேட்கக் கூடாது. சமையற்கலைஞர் ஹொசே ஆன்ட்ரேஸின் அமைப்பு பென்சில்வேனியா அவென்யூவில், வெள்ளை மாளிகைக்கும் காங்கிரஸ் கட்டடத்துக்கும் நடுவே, அரசு ஊழியர்களுக்கு இலவசச் சமையல்கூடம் திறந்தபோது எங்கள் உறுப்பினர் அங்கே போய்ப் பரிமாறினார். அரசு அடையாள அட்டையோடு வரிசையில் நின்றவர்களில் பலர் கேமராவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நிருபர்களை அழைத்துக்கொண்டு வரிசைகளுக்குப் போவதில்லை என்று அலுவலகத்தில் முடிவெடுத்தோம். நிருபர்களுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு கேஸ் எப்படி உரையாகிறது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உறுப்பினரின் பொதுவேலை என்பதே அதுதான். சபையில் நாளின் தொடக்கத்தில் ஒரு நிமிடப் பேச்சுகள் உண்டு. அறுபது நொடியில் ஒரு ஆளின் கதை, ஒரு எண், ஒரு கோரிக்கை. கதையை நான் தர வேண்டும். கோப்பில் கையெழுத்திட்ட சம்மதம் துறையிடம் கேட்பதற்கு மட்டும்தான், உரைக்குத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்டால் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். சம்மதித்தவர்களின் ஊர், துறை, பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றாமல் மறைக்க வேண்டும். பொய் சொல்லவும் கூடாது, ஆளைக் காட்டிக்கொடுக்கவும் கூடாது. எழுதி அனுப்பியதைத் தலைநகர அலுவலகத்து இளைஞர்கள் அழவைக்கிற மாதிரி மாற்றுவார்கள், நான் அதைத் திரும்ப அடிப்பேன். கேட்பவர்கள் அழுதுவிட்டால் அதோடு கடன் தீர்ந்தது என்று எழுந்து போய்விடுகிறார்கள். வாடகை எவ்வளவு, எந்தத் தேதி, தாமதக் கட்டணம் எவ்வளவு என்று சொன்னால் சற்று நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

சொல்ல முடியாமல் போன கதைகள் வேறு. நடக்காமல் போன உணவுச் சோதனையை யாரும் படம் எடுக்க முடியாது. அதைவிட, ஒப்பந்தக்காரர்கள். அரசுக் கட்டடங்களைப் பெருக்குபவர்கள், வாசலில் காவல் நிற்பவர்கள், உணவகத்தில் பரிமாறுபவர்கள் எல்லாம் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். முடக்கம் முடிந்தால் அரசு ஊழியருக்குப் பழைய சம்பளம் வரும், இவர்களுக்கு வராது. வந்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். வாஷிங்டன் புறநகர்களில் அரசுத் துறைகளுக்கு மென்பொருள் எழுதும் தமிழர்கள் ஏராளம்.

ஒருநாள் ஒரு பையன் அழைத்தான். என் பெயரைக் கேட்டதும், "அக்கா, நீங்க தமிழா?" என்று குரல் மாறியது. எச்1பி விசா, அரசுத் திட்டம் ஒன்றில் ஒப்பந்த வேலை. திட்டம் நின்றதால் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொல்லி அவன் நிறுவனம் எழுதிக் கேட்டிருந்தது. "கையெழுத்துப் போடலாமாக்கா?" என்றான். எங்களால் சட்ட ஆலோசனை சொல்ல முடியாது. விதியைப் படித்துக் காட்டலாம். வேலை இல்லை என்று நிறுவனம் எச்1பி ஊழியரைச் சும்மா உட்காரவைத்தாலும் சம்பளம் தந்தாக வேண்டும். ஊழியர் தானாகவே விடுப்புக் கேட்டால்தான் விலக்கு. அந்தக் கையெழுத்து எதற்கு என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. தொழிலாளர் துறை அந்த முறை திறந்திருந்தது, புகார் கொடுக்கலாம் என்றேன். "புகார் குடுத்தா வேலையே போயிரும்லக்கா" என்றான். அவன் கையெழுத்துப் போட்டானா என்று எனக்குத் தெரியாது. அவன் கதை எந்த உரையிலும் வரவில்லை, சம்மதிக்கவில்லை. குறைந்த கூலி ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இழந்த கூலியைத் தர அந்த மாதமே மசோதாக்கள் வந்தன. எங்கள் உறுப்பினரும் ஆதரித்துக் கையெழுத்திட்டார். சட்டமாகவில்லை.

அரசு ஊழியர்களுக்கோ ஜனவரி 16 அன்று நிரந்தரச் சட்டமே வந்துவிட்டது. இனி எந்த முடக்கம் வந்தாலும் முடிந்ததும் சம்பளம் உண்டு. எங்கள் தொகுதிக்கு அது பெரிய வெற்றி, துண்டறிக்கை அடித்துக் கொண்டாடினோம். ஆனால் முடக்கம் அதனால் முடியவில்லை. ஜனவரி 25 காலை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் போதாமல் நியூயார்க் லாகார்டியா விமான நிலையத்துக்கு வரும் விமானங்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். அன்று மாலைக்குள் அதிபர், சுவருக்குப் பணமில்லாமலேயே மூன்று வாரத்துக்கு அரசைத் திறக்க ஒப்புக்கொண்டார். ஐந்து வாரம் நாங்கள் கோப்பு கோப்பாகச் சேர்த்த கதைகளால் ஆகாததை அந்த ஒரு காலை செய்தது. காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் பிறகு கணக்குப் போட்டது: திரும்பி வராத பொருளாதார இழப்பு 300 கோடி டாலர்.

2025இன் 43 நாளைப் பற்றி நீளமாக எழுத மனமில்லை. மேஜைக்குச் சம்பளம் நின்றது, வேலை இரட்டித்தது. உறுப்பினரின் ஆண்டுச் சம்பளம் 1,74,000 டாலருக்கு எந்த முடக்கமும் தடையில்லை, அது நிரந்தர ஒதுக்கீடு. எங்களுக்கு அப்படியில்லை. செப்டம்பர் 19க்குப் பிறகு நவம்பர் 12 வரை பிரதிநிதிகள் அவை வாக்கெடுப்புக்குக் கூடவில்லை. அரிசோனாவில் இடைத்தேர்தலில் வென்ற அடெலிட்டா கிரிஹால்வா பதவிப் பிரமாணத்துக்கு ஏழு வாரம் காத்திருந்தார். அதுவரை அந்தத் தொகுதி மக்களுக்கு உறுப்பினர் இல்லை. சபை நடக்காதபோது உரை நிகழ்த்த இடமில்லை. எங்கள் உறுப்பினர் நூலகங்களிலும் தேவாலயக் கூடங்களிலும் கூட்டம் போட்டார். சுகாதாரக் காப்பீட்டு மானியம் நீட்டிக்கப்படாவிட்டால் தன் பிரீமியம் எவ்வளவாகும் என்று ஆட்கள் காகிதத்தோடு வந்தார்கள். 2019 சட்டம் இருக்கும்போதே, பழைய சம்பளம் தானாக வந்துவிடாது என்று வெள்ளை மாளிகையின் வரைவுக் குறிப்பு ஒன்று பத்திரிகைகளில் வெளியானது. 'நீங்கள்தானே துண்டறிக்கை கொடுத்தீர்கள்' என்று அதே துண்டறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார் ஒருவர். தொழிலாளர் துறை மூடியதால் அக்டோபர் முழுக்க எச்1பி மனுக்களுக்கு வேண்டிய முதல் சான்றிதழ் கிடைக்கவில்லை, தமிழ்க் குரல்கள் மறுபடி அழைத்தன. நவம்பரில் 4.2 கோடிப் பேருக்கான உணவு உதவி தடைப்பட்டு வழக்காகி நின்றது.

அப்போதும் ஒட்டுப்போடும் வேலை நடந்தது. படைவீரர்களின் சம்பளத்துக்கு வேறு தலைப்பிலிருந்து பணம் எடுத்தார்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தரும் ஊட்டச்சத்துத் திட்டத்துக்குச் சுங்க வரிப் பணத்தைத் திருப்பினார்கள். ஒவ்வொரு ஒட்டும் ஒரு குரலை அடக்கியது. நவம்பர் 7 முதல் நாற்பது பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்கத் தொடங்கினார்கள். 9ஆம் தேதி செனட்டில் எதிர்க்கட்சி அணியின் எட்டுப் பேர் மாறி வாக்களித்து 60 வாக்கு சேர்ந்தது. சண்டைக்குக் காரணமான காப்பீட்டு மானியம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை.

நான் கண்ட பதில் இதுதான்: யாருடைய கஷ்டத்துக்காக நாங்கள் வாதாடி வென்றோமோ, அவர்களுடைய கஷ்டம் பேரத்திலிருந்து வெளியேறிவிடுகிறது. படைவீரர் வெளியே, நிரந்தர ஊழியருக்கு வாக்குறுதி, கட்டணத்தில் ஓடும் அலுவலகம் வெளியே. மிச்சமிருப்பவர்கள் யாருக்கும் தெரியாதவர்கள், அல்லது விமானம். அதனால்தான் ஒவ்வொரு முறையும் முடக்கம் நீள்கிறது. 2019இலும் 2025இலும் விமானம் நின்றபோதுதான் முடிந்தது. இதை எங்கள் உறுப்பினரிடம் சொன்னேன். அதற்காகக் கடலோரக் காவல்படைக்காரனின் பிள்ளை பட்டினி கிடக்கட்டுமா என்று கேட்டார். கிடக்கக் கூடாது. அவனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த கை இது. ஆனால் தனித்தனி நிவாரணச் சட்டங்களுக்குச் செலவிட்ட உழைப்பில் பாதியையாவது, மசோதா தாமதமானால் பழைய ஒதுக்கீடு தானாகவே தொடரும் என்கிற ஒரே சட்டத்துக்குச் செலவிட்டிருக்க வேண்டும் என்பது என் தீர்மானம். யோசனை புதிதல்ல. 2019 முடக்கத்தின்போதே வர்ஜீனியா செனட்டர் மார்க் வார்னர் அப்படியொரு மசோதா கொண்டுவந்தார். எல்லாத் துறைக்கும் பணம் தொடரும், காங்கிரஸுக்கும் வெள்ளை மாளிகைக்கும் மட்டும் நிற்கும். ஊழியர்களான எங்கள் சம்பளமும் அதில் போகும். போகட்டும் என்றுதான் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சொன்னோம். இரு கட்சித் தலைமைகளும் அதைத் தொடவில்லை. பேரம் பேச ஒரு ஆயுதம் கையில் இருக்கட்டும் என்று இரு தரப்புக்கும் ஆசை.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. 'எங்களுக்குத்தான் ஓட்டு இல்லையே' என்று விசாவில் இருப்பவர்கள் எங்களை அழைக்கத் தயங்குவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். கேஸ்வொர்க் தொகுதியில் குடியிருக்கும் யாருக்கும் உண்டு, வாக்காளர் அட்டை யாரும் கேட்பதில்லை. மக்கள்தொகைக் கணக்கில் உங்களையும் எண்ணித்தான் மாநிலங்களுக்கு இடங்கள் பிரிக்கப்படுகின்றன. தலைநகர எண்ணை விட்டுவிட்டு தொகுதி அலுவலக எண்ணுக்கு அழையுங்கள். சம்மதப் படிவத்தை முடக்கம் வரும் முன்பே, செப்டம்பரிலேயே, கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள். தபால் குறியீடு, துறை, தேதி, தொகை நான்கையும் முதல் நிமிடத்தில் சொல்லிவிட்டு, பழைய ஒதுக்கீடு தானாகத் தொடரும் சட்டத்துக்கு உங்கள் உறுப்பினர் ஆதரவா எதிரா என்று கேளுங்கள். எதிர்முனையில் இருப்பவர் அதை எழுதிக்கொண்டுதான் ஆக வேண்டும்.